ஒரு ரஷ்ய அதிகாரியுடன் எடிசனிலிருந்து பிளானோவுக்கு

ஏப்ரல் கடைசி வாரம், வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள எடிசனிலிருந்து புறப்பட்டோம். எங்கள் மினிவேனின் நடு இருக்கைகள் இரண்டையும் முந்தின நாளே கழற்றி கராஜில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண்ணெய் ஓவியத்தை நிமிர்த்தி நிறுத்தியிருந்தோம். மூன்றரை அடி உயரம், சட்டத்தோடு சேர்த்து நல்ல கனம். இரண்டு பக்கமும் மெத்தைப் போர்வைகள், மேலே பழைய பருத்தி வேட்டி, அசையாமலிருக்க அகலமான பட்டைகள். டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே உள்ள பிளானோ வரை போக வேண்டும். ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது மைல். விமானத்தில் நான்கு மணி நேரத்தில் போய்விடுகிற ஊருக்கு நான்கு நாள் காரில் போகிறோம் என்றதும் என் மேனேஜர் லீவை அப்ரூவ் பண்ணிவிட்டு, டெக்சஸில் என்ன விசேஷம் என்று மட்டும் கேட்டார்.

ஓவியத்தில் இருப்பவர் ஒரு ரஷ்ய ராணுவ அதிகாரி. எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த வேராவின் கொள்ளுத் தாத்தா. கரும்பச்சைச் சீருடை, சிவப்புக் காலர், தோள்களில் பொன்னிறப் பட்டைகள், மார்பில் ஒரு வெள்ளைச் சிலுவைப் பதக்கம். இடது கை வாளின் பிடிமேல் இருக்கும். மீசை கன்னத்தில் பாதியை மறைத்திருக்கும். கண்கள் மட்டும் ராணுவத்துக்குப் பொருந்தாதவை. வெகுநேரம் யாருக்கோ காத்திருந்து அலுத்துப்போனவர் போல நம்மைத் தாண்டி எங்கோ பார்ப்பார். அவர் கேப்டனா கர்னலா என்று கேட்டால் வேரா தோளைக் குலுக்கிவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வரைந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

நான் ஈரோட்டிலிருந்து எடிசனுக்கு வந்த புதிதில் என் கணவர் செந்தில் காலை ரயிலில் மன்ஹாட்டன் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகலில் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டம் உள்ள இரண்டே வீடுகள் எங்களுடையதும் வேராவுடையதும்தான். எனக்கு வேலை கிடைத்தபோது மகளுக்கு டேகேரில் இடம் கிடைக்கவில்லை. வேரா தானாக வந்து, குழந்தையை என்னிடம் விடு என்றார். எட்டு மாதம் என் மகள் அந்த ஓவியத்துக்குக் கீழே இருந்த சோபாவில்தான் மதியத் தூக்கம் தூங்கினாள். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள்.

போன குளிர்காலத்தில் வேராவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. எண்பத்தைந்து வயது. மகள் நீனா பிளானோவிலிருந்து வந்து அவரை அழைத்துக்கொண்டு போய், தன் வீட்டுக்கு அருகில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள். எடிசன் வீட்டை விற்றாகிவிட்டது. ஓவியத்தை இப்போதைக்கு நீ வைத்திரு என்று என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

ஸ்ட்ரோக் வேராவின் ஆங்கிலத்தை முழுசாக எடுத்துக்கொண்டது. ரஷ்ய மொழி மட்டும் குழறலாக மிச்சம் இருந்தது. வீடியோ காலில் என்னைப் பார்த்ததும் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். படத்தைத்தான் கேட்கிறார் என்று நீனா கண்டுபிடித்தாள். இரண்டு வாரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"கலா, அதைக் கொண்டுவர ஏதாவது வழி இருக்கிறதா? ஆனால் வீட்டுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பகலில் நேராக அம்மா இருக்கும் இடத்துக்கு வந்துவிடு. ஒலெக் அப்போது வேலையில் இருப்பான்."

ஒலெக் அவள் கணவன், உக்ரைனில் கார்கிவ் நகரத்துக்காரன். உக்ரைன்மேல் ரஷ்யா போர் தொடங்கிய வாரத்திலிருந்து, எந்தக் காலத்து ரஷ்யச் சீருடையாக இருந்தாலும் தன் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். நாங்கள் ஓவியம் கொண்டுவருவதை அவனிடம் சொல்லவில்லை என்றாள் நீனா.

பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் ஒரு பெண்மணியிடம் காட்டினோம். முகத்தைச் சுற்றிச் சாயம் உரியத் தொடங்கியிருக்கிறது, படுக்கவைக்காதீர்கள், சூடான காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கூரியரில் அனுப்பவே அனுப்பாதீர்கள் என்றார். அதனால்தான் இந்தப் பயணம்.

ஹைவே 287-இல் வடக்கே ஏறி 78-ஐப் பிடித்தோம். ஒன்றரை மணி நேரத்துக்குள் டெலவேர் ஆற்றைக் கடந்து பென்சில்வேனியா. நியூ ஜெர்சியில் பெட்ரோல் பங்க்கில் காரை விட்டு இறங்கவே வேண்டாம், ஆள் வந்து போட்டுவிடுவார். ஆற்றைத் தாண்டியதும் நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். விலையும் அந்தப் பக்கம் அதிகம். ஹாரிஸ்பர்க் அருகே 81-இல் திரும்பினால், அதன் பிறகு ஒருநாள் முழுக்க அதே சாலைதான். லாரிகள் நெருக்கியடிக்கும் சாலை. ஆனால் வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் நீல மலைத்தொடர் கூடவே வந்தது. நடுவில் பசும்புல் மேடுகள், கறுப்பு மாடுகள், வெள்ளை மரவீடுகள்.

மதியம் ஒரு ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்திப் புளிசாதம் சாப்பிட்டோம். வெயில் ஏறியிருந்ததால் ஏசியை அணைக்க முடியாது. ஒருவர் காரில் உட்கார்ந்திருக்க, மற்றவர் வெளியே மர மேஜையில் சாப்பிட வேண்டும். முதலில் நான் சாப்பிட்டேன். பிறகு செந்தில் சாப்பிட, நான் உள்ளே இருந்தபடி ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, அந்த ஒலெக் நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?"

"தெரிஞ்சா தானே நெனப்பாரு."

"தெரியாம போயிருமா? ஒரு நாளாவது மாமியாரப் பாக்க அந்த ரூமுக்கு வரமாட்டாருங்களா?"

செந்தில் டப்பாவை மூடினார். "அந்த மனுசன் எடத்துல நான் இருந்தா எனக்கும் புடிக்காதுதான் கலா. ஊருல குண்டு விழுவுது, இங்க செவுத்துல மெடல் போட்டுட்டு ஒருத்தர் நிக்கிறாரு. ஆனா கேக்கறது வேராவாச்சே. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அன்று மாலை ரோனோக் அருகே ஒரு மோட்டலில் தங்கினோம். தொண்ணூற்றிரண்டு டாலர். வரவேற்பில் இருந்த குஜராத்திப் பெரியவர், நாங்கள் இருவரும் வேட்டி போர்த்திய உருவத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, சாமி படமா என்று கேட்டார். இல்லை, ஒரு தோழியின் கொள்ளுத் தாத்தா என்றேன். உடனே எழுந்து வந்து லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை டென்னசி. நாக்ஸ்வில்லைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. நாஷ்வில்லுக்குத் தெற்கே செந்திலின் கல்லூரி நண்பர் ரமேஷ் வீட்டில் அன்றிரவு தங்கல். ரமேஷின் மனைவி புவனா இட்லி வார்த்து ஹாட் பேக்கில் வைத்திருந்தாள். ஓவியத்தை முன் அறையில் சுவரோரமாக நிறுத்தி, வழியில் சாயம் உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேட்டியை விலக்கினேன். சட்டத்தின் ஓரத்தில் கடுகளவு இரண்டு துணுக்குகள் கிடந்தன. முகம் அப்படியே இருந்தது.

"யாருக்கா இவரு? நம்மூர் ஜமீன்தார் மாதிரி இருக்காரு," என்றாள் புவனா.

"டேய், இத ஷிப் பண்ணியிருக்கலாமேடா," என்றார் ரமேஷ்.

"பண்ணலாம். பாக்ஸத் தொறக்கும்போது மூஞ்சி இருக்காது," என்றார் செந்தில்.

சாப்பிடும்போது ஒலெக் விஷயத்தைச் சொன்னேன். புவனா கையை அப்படியே தட்டில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தம்மாவ நெனச்சாலும் பாவமா இருக்கு, அவர நெனச்சாலும் பாவமா இருக்குக்கா. நீங்க போய் நடுவுல நிக்கப் போறீங்க."

நான் கையைக் கழுவிவிட்டுப் போய் ஓவியத்தின் மேல் வேட்டியை மறுபடி போர்த்தினேன்.

சனிக்கிழமை நீண்ட ஓட்டம். மெம்பிஸில் மிசிசிப்பி ஆற்றின் மேல் பாலத்தில் போகும்போது தண்ணீர் காப்பி நிறத்தில் கரையின் மரங்களுக்குள் ஏறியிருந்தது. அர்க்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக்கைத் தாண்டி 30-ஆம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மேற்கே வானம் கரும்பச்சையாகியது. இரண்டு போன்களும் ஒரே சமயத்தில் அலறின. சுழற்காற்று எச்சரிக்கை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் கடை முன்னால் நிறுத்தினோம். ஆலங்கட்டி விழத் தொடங்கிவிட்டது. செந்தில் பட்டைகளை அவிழ்த்தார், இருவரும் ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் ஓடினோம்.

உள்ளே ஏற்கனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கல்லாவில் இருந்த பெண் எங்கள் எல்லோரையும் பின்பக்கம் ஜன்னல் இல்லாத, குளிர்பானப் பெட்டிகள் அடுக்கிய அறைக்குள் போகச் சொன்னாள். ஓட்டத்தில் வேட்டி நழுவி அதிகாரியின் முகம் வெளியே வந்திருந்தது. பேஸ்பால் தொப்பி போட்ட ஒரு லாரி டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யார் இந்த ஜெனரல் என்று கேட்டார். ஜெனரல் இல்லை, என்ன பதவி என்று எங்களுக்கும் தெரியாது, டெக்சஸில் ஒரு வயதான அம்மாவிடம் கொண்டுபோகிறோம் என்றேன். கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தத்தில் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். எழுந்து தன் மழைக்கோட்டை ஓவியத்தின் மேல் போர்த்திவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. சுழற்காற்று வேறு பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். மினிவேனின் கூரையில் அம்மை வடுக்கள் போலக் குழிகள் விழுந்திருந்தன. சாயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிரவு டெக்சர்கானாவில் படுத்தோம்.

ஞாயிறு காலை கடைசி நூற்று எண்பத்தைந்து மைல். டாலஸை நெருங்க நெருங்கச் சாலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக ஏறுகின்றன. பிளானோவுக்குள் வந்தால் நேர்கோட்டில் அகலமான தெருக்கள், ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஸ்ட்ரிப் மாலில் நம் மளிகைக் கடையும் அதை ஒட்டி தோசைக் கடையும். நடந்து போகிற ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை.

பராமரிப்பு இல்லம் ஒற்றைத் தளக் கட்டடம். நாங்கள் போனபோது பதினொன்றரை மணி இருக்கும். வாசலிலேயே நீனா நின்றிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டுவிட்டு, "ஒலெக் உள்ளேதான் இருக்கிறான்," என்றாள். முந்தின இரவு வேரா தூங்காமல் அழுதிருக்கிறார். காலையில் இல்லத்திலிருந்து போன் செய்ததும், வேலைக்குப் போன ஒலெக் பாதியில் திரும்பி வந்துவிட்டானாம். அவனுக்கு ஏசி ரிப்பேர் வேலை. டெக்சஸில் வெயில் தொடங்கும் சமயத்தில் ஞாயிறு லீவும் கிடையாது.

"அப்ப நாளைக்கு வரலாமா?" என்றார் செந்தில் என்னிடம் தமிழில்.

அதற்குள் நடைபாதையின் கடைசி அறையிலிருந்து ஒலெக் வெளியே வந்துவிட்டான். ஐம்பது வயதிருக்கும், உயரமானவன், வேலைச் சீருடையில் இருந்தான். எங்கள் கையில் இருந்ததன் வடிவத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்.

"எனக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்று நினைத்தாயா?" என்று மனைவியிடம் கேட்டான். சத்தம் போடவில்லை.

"தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பாய்."

"ஆமாம். என்றிருப்பேன்."

நான் குறுக்கே, "வேராதான் கேட்டார். நாங்கள் காட்டிவிட்டாவது போகிறோம்," என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றான்.

வேரா பாதியாக இளைத்திருந்தார். வலது பக்கம் அசைவில்லை. என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு செந்தில் வேட்டியை விலக்கி, ஓவியத்தைக் கட்டிலுக்கு எதிரே தரையில் வைத்துப் பிடித்துக்கொண்டார். வேரா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூறு மைல் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டுதான் வந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்தது. அவசரமாக ஏதோ சொன்னார். பதில் வராததால் மறுபடி சொன்னார். நல்ல கையால் போர்வையைத் தள்ளிவிட்டுக் காலைத் தரையில் வைக்கப் பார்த்தார். நீனா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

"என்ன சொல்கிறாள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை," என்றாள். நீனா அமெரிக்காவில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்தது சமையலறையில் பேசுகிற அளவு ரஷ்யன்தான்.

கதவருகே நின்ற ஒலெக் சொன்னான். "ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள். அவளுடைய ஷூ எங்கே என்கிறாள்."

"எந்த ரயில்?"

"இரண்டாம் உலகப் போர் சமயத்தில், இவள் குழந்தையாக இருக்கும்போது, ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தால் இவள் அம்மா முதலில் இந்தப் படத்தைத்தான் சுவரிலிருந்து இறக்குவாளாம். சட்டத்திலிருந்து எடுத்துச் சுருட்டி, மெத்தைப் போர்வைக்குள் வைத்துக் கட்டுவாளாம். படம் தரையில் இருந்தால் கிளம்புகிறோம் என்று அர்த்தம். இரண்டு ஊரில் அப்படி நடந்திருக்கிறது."

நீனா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "என்னிடம் இதைச் சொன்னதே இல்லையே."

"உனக்கு அந்த மொழி வராது. என்னிடம் சொன்னாள். போன மாதம்."

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. தினமும் வேலை முடிந்து வந்து இந்த அறையில் உட்கார்ந்து வேராவோடு பேசுகிற ஒரே ஆள் ஒலெக்தான். நாங்கள் கொண்டுவந்தது பரிசு இல்லை. வேராவைப் பொறுத்தவரை அது புறப்படச் சொல்லும் செய்தி.

"எடுத்துட்டுப் போயிரலாம் கலா," என்று செந்தில் மெதுவாகச் சொல்லி, ஓவியத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார். வேரா சத்தமாக அழத் தொடங்கிவிட்டார். கை ஓவியத்தை நோக்கி நீண்டிருந்தது.

"நில்லுங்கள்," என்றான் ஒலெக். "வெளியே எடுத்துப் போனால் ரயில் வந்துவிட்டது என்று நினைப்பாள்."

சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் லாரிக் கதவு சாத்தும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. கோபத்தில் கிளம்பிவிட்டான் என்றுதான் மூவரும் நினைத்தோம். நீனா தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் அவன் டிரில், கோணல் பார்க்கும் ரசமட்டம், ஒரு டப்பா திருகாணிகளோடு திரும்பி வந்தான். பின்னாலேயே ஓர் உதவியாளர் பெண், சுவரில் துளை போட ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கு அவர்கள் என்னைத் திட்டட்டும். நானே பூசித் தருகிறேன்," என்றான்.

ஓவியம் எவ்வளவு கனம் என்று செந்திலிடம் கேட்டான். சுவரை முஷ்டியால் தட்டித் தட்டி, உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தான். கட்டிலுக்கு நேர் எதிரே, வேராவின் பார்வை படும் உயரத்தில் இரண்டு துளை போட்டான். டிரில் சத்தம் தொடங்கியதும் வேராவின் அழுகை நின்றுவிட்டது. ஒரு பக்கம் செந்தில், ஒரு பக்கம் ஒலெக், இருவரும் தூக்கி மாட்டினார்கள். அந்த முகத்தை அவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ரசமட்டத்தின் குமிழியை மட்டும் பார்த்து இடது மூலையைக் கொஞ்சம் உயர்த்தினான்.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வேராவிடம் தணிந்த குரலில் பேசினான். அவர் ஏதோ கேட்டார், அவன் பதில் சொன்னான். மறுபடி அதையே கேட்டார், மறுபடி அதே பதிலைச் சொன்னான். நான் நீனாவைப் பார்த்தேன்.

"இங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்கிறான்," என்றாள். "அது எனக்கே புரிகிறது."

வேரா தூங்கிய பிறகு வெளியே வந்தோம். கார் நிறுத்துமிடத்தில் நல்ல வெயில். ஒலெக் டிரில்லைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். உங்களைக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

"என் அம்மா இன்னும் கார்கிவில்தான் இருக்கிறாள். எட்டாவது மாடி. வா என்றால் வரமாட்டேன் என்கிறாள்," என்றான். "வீட்டில் சின்ன வயதிலிருந்து ரஷ்யன்தான் பேசினோம். போர் வந்த பிறகு நானும் அவளும் உக்ரைன் மொழிக்கு மாறினோம். அவளுக்குப் பாதி வார்த்தை தடுமாறும், ஆனாலும் விடமாட்டாள். இனி அந்த மொழியைப் பேசுவதில்லை என்று இருந்தேன். இந்த ஓர் அறையில்தான் பேசுகிறேன். இவளுக்கு வேறு மொழி இல்லையே."

பெட்டியை மூடினான். "அந்தச் சீருடையை என் வீட்டுக்குள் விடமாட்டேன். அது மாறாது."

"புரியுது," என்றார் செந்தில். ஆங்கிலத்தில் சொல்ல நினைத்தது தமிழில் வந்துவிட்டது. ஒலெக் தலையாட்டினான். பிறகு எங்கள் காரின் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தக் குழிகளை எடுக்கிற ஆள் ஒருவன் எனக்குத் தெரியும், நாளை அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், எடிசனில் பார்த்துக்கொள்கிறோம் என்றோம்.

திங்கட்கிழமை காலை, கிளம்பும் முன் சொல்லிக்கொண்டு போகலாம் என்று இல்லத்துக்குப் போனோம். கதவு பாதி திறந்திருந்தது. ஒலெக் வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தான். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் முதுகு வரும்படி போட்டுக்கொண்டு, கரண்டியில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே அந்த அதிகாரி. வேரா ஒரு வாய் வாங்கிக்கொண்டு மேலே பார்த்தார், அடுத்த வாய்க்கு ஒலெக்கின் முகத்தைப் பார்த்தார். இருவருமே அங்கே இருக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்வது போல இருந்தது. நாங்கள் உள்ளே போகவில்லை.

திரும்பும் வழியில், பின்னால் இடம் காலியாக இருந்ததால் காரில் சத்தம் கூடுதலாகக் கேட்டது. நாங்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். ஆனால் நாங்கள் வந்தபோது கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது, வழியனுப்ப இருபது பேர் விமான நிலையத்துக்கு வந்தார்கள். எடிசனில் எங்கள் வீட்டில் சுவரிலிருந்து ஒரு படத்தை இறக்கினால், பெயிண்ட் அடிக்கப் போகிறோம் என்று அர்த்தம். என் மகளுக்கு அதைத் தவிர வேறு அர்த்தம் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.